அஸ்கிரிய மைதானமும் நிகழ்தகவுக் கணக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

கண்டி நகரைச் சூழ்ந்துள்ள குன்றுகளுள் ஒன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்திப் பெறப்பட்டது அஸ்கிரிய மைதானம். 1872 இல் நிறுவப்பெற்ற திரித்துவக் கல்லூரிக்கு உரிய அம்மைதானத்திலே, 1983 ஏப்ரில் தொடக்கம் 2007 டிசெம்பர் வரை, இலங்கை அணி 21 டெஸ்ட் துடுப்பாட்டப் போட்டிகளில் ஆடியது. அவற்றுள் 7 இல் வெற்றி பெற்றது. 9 இல் தோல்வியுற்றது. எஞ்சிய 5 போட்டிகள் வெற்றி தோல்வியின்றி முடிவுற்றன. கொழும்புக்கு வெளியே இலங்கையில் நடைபெற்ற முதலாவது டெஸ்ட் போட்டியும் இம்மைதானத்துக்கே உரியது.

இவ்வெண்களைக் கொண்டு பேசுவோர் பலர். அஸ்கிரிய இலங்கைக்கு இராசியான இடம் என்பார் ஒரு சாரார். இராசியற்ற இடம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் எண்களையே சான்றாகக் காட்டுவர். ஒரே பதிவிலிருந்து இரு வேறு முடிபுகள் எங்ஙனம் பிறக்கின்றன? கடந்த வெற்றிகளை எண்ணி வருங்கால வெற்றியின் நிகழ்தகவைக் கூறும் முறை எவ்வாறு தோன்றியது? அம்முறை எதை வெளிப்படுத்துகின்றது, எதை மறைக்கின்றது? இவ்வினாக்களுக்கு அஸ்கிரியவின் 21 போட்டிகளைக் கொண்டே விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டல், பெருக்கல், பின்னம் ஆகியவற்றுக்கு மேற்பட்ட கணிதம் ஈண்டு வேண்டப்படுவதில்லை.

2. முடிவுறாத ஆட்டத்திற் பிறந்த கணிதம்

சூதுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு நம்மவர்க்குப் புதியதன்று. புகழேந்திப் புலவரின் நளவெண்பா வாயிலாகத் தமிழர் நன்கறிந்த நளன் கதை மகாபாரதத்திலே விரித்துரைக்கப்படுகின்றது. தேரில் விரையும் வழியில், தான்றி மரமொன்றைக் கண்ட இருதுபன்ன மன்னன் அதன் கிளைகளிலுள்ள இலைகளின் தொகையையும் காய்களின் தொகையையும் நின்று எண்ணாமலே கூறுகின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து, மன்னன் கூற்று மெய்யெனக் காண்கின்றான். அவ்வித்தையும் சூதாட்ட நுட்பமும் ஒன்றோடொன்று இயைந்தவை என மன்னன் உரைத்து, நளனுடைய குதிரை வித்தைக்கு ஈடாக அதனைக் கற்பிக்கின்றான். சிறிதைக் கண்டு பெரிதை மதிப்பிடும் ஆற்றலும் சூதில் வெல்லும் ஆற்றலும் ஓரினத்தவை என்னும் எண்ணம் இக்கதையிலே தெளிவாகக் காணப்படுகின்றது. ஆயின் அது வித்தையாகக் கூறப்பட்டதேயன்றிக் கணக்காக எழுதப்பட்டதன்று.

கணக்காக எழுதும் முயற்சி ஐரோப்பாவிலே பந்தாட்டம் பற்றிய ஒரு வினாவோடு தொடர்புற்றது என்பது கவனிக்கத்தக்கது. 1494 இல் வெனிசு நகரில் அச்சான தமது கணித நூலிலே லூக்கா பாச்சியோலி என்னும் துறவி ஒரு வழக்கை முன்வைத்தார். இரு சாரார் பந்தாடுகின்றனர். 60 புள்ளிகளை முதலிற் பெறுவோர் பணயம் முழுவதையும் பெறுவர். ஒவ்வோர் ஆட்டமும் 10 புள்ளி பெறும். ஒரு சாரார் 50 புள்ளியும் மறு சாரார் 20 புள்ளியும் பெற்ற நிலையில் ஆட்டம் தடைப்படுகின்றது. பணயத்தை எங்ஙனம் பங்கிடுவது? பெற்ற புள்ளிகளின் விகிதப்படி, அதாவது 5 க்கு 2 என்ற விகிதத்திற் பங்கிடுக என்றார் பாச்சியோலி. இத்தீர்வு பொருந்தாதென 1556 இல் தார்த்தாலியா மறுத்தார். ஒரு சாரார் ஓர் ஆட்டத்தை மட்டும் வென்று மறு சாரார் எதனையும் வெல்லாத நிலையில், பாச்சியோலியின் விதி பணயம் முழுவதையும் முன்னவர்க்கே அளித்துவிடும் என்பது அவருடைய தடை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1654 இல், பாஸ்கலும் பெர்மாவும் தம்முள் எழுதிய கடிதங்களிலே இவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. அவர்கள் செய்த மாற்றம் ஒன்றே: நடந்து முடிந்தவற்றை நோக்காது, இனி நடக்கக் கூடியவற்றை நோக்கினர். பாச்சியோலியின் வழக்கில் முதற் சாராருக்கு இன்னும் ஓர் ஆட்டமே வேண்டும். மறு சாராருக்கு நான்கு வேண்டும். இரு சாராரும் சம வலிமையினர் எனக் கொள்ளின், மறு சாரார் பணயத்தைப் பெற அடுத்த நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்லல் வேண்டும். அதன் நிகழ்தகவு 1/2 ஐ நான்கு முறை பெருக்கிப் பெறும் 1/16. எனவே முதற் சாராருக்கு உரிய பங்கு 15/16. பாச்சியோலி அளித்ததோ 5/7. பழைய கணக்குக் கடந்த காலத்தின் விகிதம். புதிய கணக்கு எதிர்காலத்தின் வழிகளை எண்ணுவது. நிகழ்தகவியல் என்று இன்று நாம் வழங்கும் துறை இவ்வேறுபாட்டிலேயே கால்கொண்டது எனலாம்.

3. மழையும் பங்கீடும்

தடைப்பட்ட ஆட்டம் என்பது கண்டி மக்களுக்கு ஏட்டுக் கணக்கன்று. 1993 யூலையில் இந்திய அணி அஸ்கிரியவுக்கு வந்தபோது மழை விட்ட இடைவெளியில் இலங்கை 3 விக்கெட்டுகளை இழந்து 24 ஓட்டங்களைப் பெற்றது; ஐந்து நாட்களின் ஆட்டமும் அவ்வளவே. 2000 இல் பாகிஸ்தானுடனான போட்டியும் மழையாலே முடிவின்றிப் போயிற்று.

பாஸ்கலின் வழக்குக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 1999 செப்டெம்பரில் இடம்பெற்றது. மூன்று போட்டிகள் கொண்ட தொடரின் முதற் போட்டி அஸ்கிரியவில் நடைபெற்றது. அவுஸ்திரேலியா 188 ஓட்டங்களும் 140 ஓட்டங்களும் பெற, இலங்கை 6 விக்கெட்டுகளால் வென்றது. டெஸ்ட் போட்டியில் அவுஸ்திரேலியாவை இலங்கை வென்றது அதுவே முதன்முறை. பின்னர் காலியிலும் கொழும்பிலும் நடந்த இரு போட்டிகளையும் மழை குலைத்தது. தொடர் 1 - 0 என இலங்கைக்கு உரியதாயிற்று.

இத்தொடரைப் பாஸ்கலிடம் ஒப்படைத்திருப்பின் அவர் யாது கூறியிருப்பார்? இரு அணிகளும் சம வலிமையின எனவும், எஞ்சிய இரு போட்டிகளும் முடிவு காண்பன எனவும் கொள்வோம். அவுஸ்திரேலியா தொடரை வெல்வதற்கு இரண்டையும் வெல்லல் வேண்டும். அதன் நிகழ்தகவு 1/4. எனவே பங்கு 3 க்கு 1. தொடர் விதியோ முழுப்பங்கையும் முன்னின்றவர்க்கே அளித்தது. தார்த்தாலியா எந்த விளைவைக் காட்டி பாச்சியோலியின் விதியை மறுத்தாரோ, அவ்விளைவே இங்கு விதியாக நிலைபெற்றிருத்தலைக் காணலாம். மட்டுப்படுத்தப்பட்ட ஓவர்ப் போட்டிகளில் மட்டும், 1997 முதல், டக்வேர்த், லூயிஸ் என்னும் இரு ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளரின் முறை நடைமுறைக்கு வந்தது. எஞ்சியுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் இனிப் பயன்படக் கூடிய வளமாகக் கணக்கிடும் அம்முறை, இனி நடக்கக் கூடியதை நோக்குக என்னும் 1654 ஆம் ஆண்டு எண்ணத்தின் வழிவந்ததே.

4. எண்ணிக்கையிலிருந்து நிகழ்தகவு

மேற்கூறிய கணக்குகள் யாவும் இரு சாராரும் சம வலிமையினர் என்ற எடுகோளின்மேல் நிற்பன. தாயக்கட்டைக்கும் நாணயத்துக்கும் அவ்வெடுகோள் பொருந்தும். மனிதர் ஆடும் ஆட்டத்துக்கு அது பொருந்துமென யார் கூறுவர்? வலிமை முன்கூட்டித் தெரியாதவிடத்து, பலமுறை நிகழ்ந்ததை எண்ணி அதனை அறியலாம் என நிறுவ முயன்றவர் யாக்கோபு பேர்ணூலி. அவர் 1705 இல் மறைந்தார். அவருடைய நூல் 1713 இல் வெளிவந்தது. முயற்சிகள் பெருகப் பெருக, கண்ட விகிதம் உண்மை விகிதத்தை அணுகும் என்பது அவருடைய தேற்றம்.

அம்முறைப்படி நோக்கின், அஸ்கிரியவில் இலங்கை வெல்லும் நிகழ்தகவு 7/21, அதாவது 1/3. முதற் சிக்கல் இங்கேயே தோன்றுகின்றது. முடிவு கண்ட போட்டிகளை மட்டும் கணக்கிற் கொள்ளின் அது 7/16 ஆகும். தோல்வியுறாமை நிகழ்தகவு யாதெனின், அது 12/21, அதாவது 4/7. இராசியுடையது என்போர் 4/7 ஐயும், இராசியற்றது என்போர் 1/3 ஐயும் கையாளலாம். இருவர் கணக்கும் பிழையன்று. வினா வேறானமையால் விடையும் வேறாயிற்று. அன்றியும், வெற்றி தோல்வியற்ற ஐந்து போட்டிகளும் ஒரு தன்மையின அல்ல. 1993 இன் முடிவு மழை தந்தது. 1985 இல் இந்தியாவுக்கு எதிராகத் தோல்வியைத் தடுத்தவை துலிப் மென்டிசும் ரோய் டயசும் இரண்டாம் இன்னிங்சில் அடித்த சதங்கள். 2003 டிசெம்பரில் இங்கிலாந்தைக் காத்தது இறுதி நாளில் மைக்கல் வோன் நின்று அடித்த சதம். இம்மூன்றையும் ஒரே நிரலில் இட்டு எண்ணும்போதே நாம் வரலாற்றின் ஒரு பகுதியைக் கைவிட்டு விடுகின்றோம்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கையின் சிறுமை. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்திற் கற்களைக் கொண்ட ஒரு கலசத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் அவ்விகிதத்தை ஏறத்தாழ ஐயமற அறிவதற்கு 25,550 முயற்சிகள் போதுமெனப் பேர்ணூலி கணித்தார். அஸ்கிரியவோ ஏறக்குறைய 25 ஆண்டுகளில் 21 போட்டிகளைத் தந்தது. அவ்வேகத்திற் சென்றால் பேர்ணூலி கேட்ட தொகையை எட்ட ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் வேண்டும். 21 போட்டிகளில், 1/3 என்ற நிகழ்தகவோடு எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் 7 ஆயினும், தற்செயலாகவே அது 3 வரை தாழவும் 11 வரை உயரவும் இடமுண்டு.

சிறு எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரு விதியை லாப்பிளாஸ் வகுத்தார். முன்னறிவு எதுவும் இல்லாத நிலையில், வெற்றிகளின் தொகையோடு ஒன்றையும் போட்டிகளின் தொகையோடு இரண்டையும் கூட்டி வகுக்க வேண்டும் என்பது அவ்விதி. நாளைக்குச் சூரியன் உதிக்குமா என்ற வினாவுக்கு அவர் இதனைக் கையாண்டமை பலரும் அறிந்தது. 1983 தொடக்கம் 1994 வரை அஸ்கிரியவில் நடந்த ஆறு போட்டிகளில் இலங்கை ஒன்றையேனும் வெல்லவில்லை. வெறும் விகிதம் 0/6. அதாவது வெற்றி நிகழவே மாட்டாது என்பது. லாப்பிளாசின் விதியோ 1/8 என்கின்றது. காணாதது இல்லாதது ஆகாது என்னும் எச்சரிக்கை அவ்விதியின் உட்பொருள். 1998 சனவரியில் சிம்பாப்வேயை 8 விக்கெட்டுகளால் இலங்கை வென்றபோது அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று.

5. இரு காலங்கள்

21 போட்டிகளையும் கால வரிசையில் நோக்கின் ஒரு பிளவு கண்ணிற் படுகின்றது. 1994 வரையான ஆறு போட்டிகளில் வெற்றி இல்லை, தோல்வி 4. 1998 இன் பின் நடந்த 15 போட்டிகளில் வெற்றி 7, தோல்வி 5. வெற்றி விகிதம் சுழியத்திலிருந்து 7/15 க்கு, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவான நிலைக்கு, உயர்ந்துள்ளது.

இஃது தற்செயலாக நிகழக் கூடியதா? பாஸ்கலின் முறைப்படி எண்ணிப் பார்க்கலாம். 7 வெற்றிகளை 21 இடங்களிற் பரப்பும் வழிகள் 1,16,280. அவற்றுள் முதல் ஆறு இடங்களும் வெறுமையாக அமையும் வழிகள் 6,435. எனவே இவ்வமைப்புத் தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு ஏறத்தாழ பதினெட்டில் ஒன்று. இயலாததன்று, ஆயினும் இடையில் ஏதோ மாறியிருத்தல் வேண்டுமென ஐயுறுவதற்குப் போதியது.

மாறியது யாது என்பதை வரலாறு கூறும். 1986 பெப்ரவரிக்கும் 1993 யூலைக்கும் இடையில் அஸ்கிரியவில் ஒரு டெஸ்ட் போட்டியேனும் நடைபெறவில்லை. 1987 ஏப்ரிலில் கொழும்பிற் குண்டு வெடித்ததை அடுத்து நியூசிலாந்து அணி தன் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டுச் சென்றது. அதன்பின் 1992 ஓகஸ்ட் வரை இலங்கையின் எப்பகுதியிலும் டெஸ்ட் போட்டி இல்லை. 1996 மார்ச்சில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. இவ்விடைக்காலத்திலேயே, 1972 இல் கண்டியிற் பிறந்து புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன் அணியிற் சேர்ந்து வளர்ந்தார். தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் அவர். 1977 வன்செயலின்போது அவருடைய குடும்பத்தாரின் உடைமைகள் தாக்கப்பட்டன. டெஸ்ட் வாழ்வில் அவர் பெற்ற 800 விக்கெட்டுகளுள் 117 அஸ்கிரியவிற் பெற்றவை. 2002 சனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள். 2005 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 46 ஓட்டங்களுக்கு 8. 2007 யூலையில் 700 ஆவது விக்கெட். அதே ஆண்டு டிசெம்பர் 3 ஆந் திகதி, ஷேன் வோனின் 708 ஐக் கடந்த 709 ஆவது விக்கெட். 1983 ஏப்ரிலில் முதற் போட்டி நடந்து மூன்று திங்களுக்குள் நாடு கண்ட இனவன்செயலை நினைப்போர்க்கு, அதே மைதானத்தின் பிற்கால வெற்றிகள் ஒரு மலையகத் தமிழரின் கையால் வந்தமை வெறும் எண்ணாகத் தோன்றாது.

6. வெற்றி வெற்றியைத் தருமா?

வென்ற அணி மீண்டும் வெல்லும் என்பது விளையாட்டுலகின் பழைய நம்பிக்கை. அதனையும் ஈண்டுச் சோதிக்கலாம். அஸ்கிரியவில் ஒரு வெற்றியை அடுத்து அதே மைதானத்தில் மற்றொரு போட்டி நடந்த சந்தர்ப்பங்கள் 6. அவற்றுள் 3 இல் மீண்டும் வெற்றி. விகிதம் 1/2. வெற்றியற்ற போட்டியை அடுத்து நடந்தவை 14. அவற்றுள் 4 இல் வெற்றி. விகிதம் 2/7. வென்றபின் வெல்லும் வாய்ப்பு வெல்லாதபின் வெல்லும் வாய்ப்பிலும் ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகின்றது. நம்பிக்கை மெய்யாயிற்று என எண்ணத் தோன்றும்.

ஆயின் இக்கணக்கு முன்னர்க் கண்ட இரு காலங்களையும் ஒன்றாகக் கலந்துள்ளது. 1998 க்குப் பிற்பட்ட 15 போட்டிகளை மட்டும் கொள்வோம். வென்றபின்: 6 இல் 3. வெல்லாதபின்: 8 இல் 3. முன்னது 4/8 எனின் பின்னது 3/8. எட்டுப் போட்டிகளில் ஒரு போட்டியே வேறுபாடு. வெற்றி வெற்றியைத் தந்ததாகத் தோன்றியமைக்குப் பெருங்காரணம், தொடர்ந்து வெல்லாத ஒரு காலமும் அடிக்கடி வென்ற ஒரு காலமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றமையேயாம். இராசி என்று நாம் வழங்குவதிற் பெரும்பகுதி இவ்வாறு கலவையாற் பிறக்கும் தோற்றம் எனலாம்.

7. எதிரணி யார்?

கலத்தலின் தீமையைக் கண்டோம். அங்ஙனமாயின் இரு காலங்கள் என்று நாம் பிரித்தது மட்டும் தூயதா? ஆறு போட்டிகளும் பதினைந்து போட்டிகளும் ஒத்த எதிரணிகளோடு ஆடப்பட்டனவா? இல்லை.

முதல் ஆறும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நான்கு அணிகளோடு ஆடியவை. பிற்காலத்துப் பதினைந்தில் ஐந்து, சிம்பாப்வே, பங்களாதேஷ், மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றோடு ஆடியவை. அவ்வைந்திலும் இலங்கை வென்றது. வென்றபின் எதிரியை வலிமையற்றவர் என ஒதுக்குதல் வட்டவாதம் ஆகுமே எனின், ஒதுக்குதற்குப் புறச்சான்று உண்டு. சிம்பாப்வே 1992 இலும் பங்களாதேஷ் 2000 இலுமே டெஸ்ட் தகுதி பெற்றன. 1980 தொடக்கம் 1995 வரை எத்தொடரிலும் தோலாதிருந்த மேற்கிந்திய அணி, அஸ்கிரியவுக்கு முதன்முறை வந்த 2001 இல் தன் பழைய நிலையிலிருந்து பெரிதும் தாழ்ந்திருந்தது.

இவ்வைந்தையும் நீக்கின் எஞ்சுவன 16 போட்டிகள், வெற்றிகள் இரண்டே. ஒன்று 1999 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. மற்றையது 2007 டிசெம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக, 88 ஓட்டங்களால். முதற் காலத்தில் 6 இல் சுழியம். பிற்காலத்தில் 10 இல் 2. இரு வெற்றிகளை 16 இடங்களிற் பரப்பும் வழிகள் 120. இரண்டும் இறுதிப் பத்தினுள் அமையும் வழிகள் 45. நிகழ்தகவு 3/8. பதினெட்டில் ஒன்றாக இருந்த அரிய நிகழ்ச்சி எட்டில் மூன்றாகி, நாள்தோறும் காணத்தக்க எளிய நிகழ்ச்சியாயிற்று. வெற்றிப் பட்டியலை மட்டும் நம்புவோமாயின், காலம் மாறிற்று என்று கூறுதற்கே நமக்கு உரிமை இல்லாது போகின்றது.

அங்ஙனமாயின் மாற்றம் நிகழவில்லையா? நிகழ்ந்தது; ஆயின் அதனை வெற்றியிற் காண்பதிலும் தோல்வியிற் காண்பதே எளிது. முற்காலத்துத் தோல்விகள் நான்கு. 1983 இல் அவுஸ்திரேலியாவிடம் ஓர் இன்னிங்சாலும் 38 ஓட்டங்களாலும். 1984 இல் நியூசிலாந்திடம் 165 ஓட்டங்களால். 1986 இல் பாகிஸ்தானிடம் ஓர் இன்னிங்சாலும் 20 ஓட்டங்களாலும். 1994 இல், முதல் இன்னிங்சில் 71 ஓட்டங்களுக்குச் சுருண்டு, மீண்டும் பாகிஸ்தானிடம் ஓர் இன்னிங்சாலும் 52 ஓட்டங்களாலும். நான்கில் மூன்று இன்னிங்ஸ் தோல்விகள். பிற்காலத்துத் தோல்விகள் ஐந்து. 2000 இல் தென்னாபிரிக்காவிடம் 7 ஓட்டங்களால். 2001 இல் இங்கிலாந்திடம் 3 விக்கெட்டுகளாலும் இந்தியாவிடம் 7 விக்கெட்டுகளாலும். 2004 இல் அவுஸ்திரேலியாவிடம் 27 ஓட்டங்களால். 2006 இல் பாகிஸ்தானிடம் 8 விக்கெட்டுகளால். இவற்றுள் இன்னிங்ஸ் தோல்வி ஒன்றேனும் இல்லை. 2004 இலும் 2006 இலும் இலங்கையே முதல் இன்னிங்சில் முன்னணி பெற்றிருந்தது.

மூன்று இன்னிங்ஸ் தோல்விகளை ஒன்பது தோல்விகளிடையே பரப்பும் வழிகள் 84. மூன்றும் முதல் நான்கினுள் அடங்கும் வழிகள் 4. நிகழ்தகவு 1/21. இவ்வொன்பதும் வலிய அணிகளிடம் அடைந்த தோல்விகளே ஆதலின், எதிரணி பற்றிய முற்கூறிய தடை இங்கு எழாது. ஒன்பது தோல்விகள் என்பது சிறு தொகையே. பல கூறுகளை ஆராய்ந்தபின் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம் என்பதையும் மறத்தலாகாது. எனினும் வெற்றி, தோல்வி என்ற இரு சொல்லுக்குள் அடக்கப்பட்டபோது மறைந்துபோன மாற்றம், தோல்வியின் அளவை நோக்கியபோது வெளிப்பட்டது. வரலாறு கூறியதும் எண் கூறியதும் இங்கு ஒத்துச் செல்கின்றன.

8. முடிவுரை

மேற்போந்த ஆய்வால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, நிகழ்தகவு என்பது ஒரு பொருளின் இயல்பாக அப்பொருளிலே குடிகொண்டிருப்பதன்று. எந்தத் தொகுதியில் வைத்து எண்ணுகின்றோம் என்பதைப் பொறுத்து 1/3, 7/16, 7/15, 1/8 என அது வேறுபடும். 16 போட்டிகளில் 2 வெற்றி என்பதும் 1/8 ஆதல் காண்க. வெற்றியற்ற ஆறு போட்டிகளின் கணக்கிலிருந்து லாப்பிளாஸ் விதி தந்த எண்ணோடு அது ஒத்தமை தற்செயலே. இரண்டாவது, தொகுதியைப் பிரிக்கும் எல்லையைக் கணிதம் தானே வகுக்க மாட்டாது. வரலாற்றறிவே அதனை வகுக்கும். மூன்றாவது, எல்லையை வகுத்தபின் அதனைக் கடுமையாகச் சோதிப்பது கணிதத்தின் கடன். வரலாற்றாசிரியர் தாம் விரும்பிய முடிபைக் கணிதம் மறுக்கும்போது அதற்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

இவை விளையாட்டோடு நின்றுவிடுவன அல்ல. 1970களில் இந்நாட்டின் பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தலும், தொடர்ந்து மாவட்ட அடிப்படையும் நடைமுறைக்கு வந்தன. மாணவர் எத்தொகுதியில் வைத்து எண்ணப்படுகின்றார் என்பது அவர் பெற்ற புள்ளியின் பொருளையே மாற்றிற்று. தொகுதிகளை வகுத்த முறை நீதியானதா என்பது பற்றிய வாதம் ஒரு தலைமுறையின் கசப்பாக வளர்ந்தது. ஒரு மைதானத்தின் வெற்றிக் கணக்கிலேயே தொகுதியின் எல்லை முடிவைத் தலைகீழாக்க வல்லதாயின், மனிதர் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்குகளில் அவ்வெல்லையை வகுப்போர் எத்துணைப் பொறுப்புடையராதல் வேண்டும் என்பது கூறாமலே விளங்கும். எண்களைக் கண்டு அஞ்சுவதும் எண்களைக் கண்டு மயங்குவதும் கற்றோர்க்கு அழகல்ல. எண்ணியவர் யார், எதனை எண்ணினார், எதனை விட்டார் எனக் கேட்பதே அழகு.

2007 டிசெம்பரின் பின் அஸ்கிரியவில் டெஸ்ட் போட்டி நடைபெறவில்லை. கண்டியின் டெஸ்ட் போட்டிகள் பல்லேகலையில் எழுந்த புதிய அரங்குக்குச் சென்றன. 2010 டிசெம்பரில் மேற்கிந்தியத் தீவுகளோடு அங்கு நடந்த முதற் போட்டி மழையால் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அஸ்கிரியவின் கணக்கைக் கொண்டு அதனை முன்னுரைக்க முயன்றவர் உண்டாயின், மேற்கிந்திய அணியை அங்கு இலங்கை இரு முறையும் வென்றமையைக் காட்டியிருப்பார். அணி ஒன்றே, நகரும் ஒன்றே, ஆயினும் மைதானமும் ஆண்டும் வேறு. முன்னைய கணக்கைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லுமுன், எது மாறிற்று என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவிலேதான் வரலாறும் கணிதமும் ஒன்றையொன்று நாடி நிற்கின்றன.